வெள்ளைச்சியின் காது

"பால்காய்ச்சல் எண்டுறியள், பிறகேன் மாட்டின்ரை காது குளிருது?" போன வருடம் ஒருநாள் பத்மாவதி கணவனிடம் கேட்டாள்.

"என்னைக் கேட்டா? அண்ணையைக் கேள். மாட்டு வைத்தியம் அவருக்கெல்லோ தெரியும்," என்று நடராசா சிரித்தான்.

"அவர் என்னோடை கதைக்கிறவரே?"

"நீ கேட்டுப் பாரன்."

அவள் கேட்கவில்லை. தன்னைக் கேளாமல் தம்பி விரும்பிக் கட்டிய சுன்னாகத்துக்காரியோடு அருளம்பலம் கலியாண நாள் தொட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை.

நேற்று நெஞ்சுவலியில் நடராசா போனான். அன்று பின்னேரமே வெள்ளைச்சி கன்று போட்டது. இனி அந்தப் பால்தான் வீட்டுக்குச் சோறு. செத்தவீட்டு அமளியில் பிறகு நேரம் கிடைக்காது என்று, பத்மாவதி காலையில் மடி வற்ற ஒட்டக் கறந்துவிட்டாள்.

ஆண்கள் பிரேதத்தோடு சுடலைக்குப் போக, பெண்கள் வாசல் படலையோடு நின்றுகொண்டார்கள். கொட்டிலில் மாடு விழுந்து கிடந்தது. கழுத்து விலாப் பக்கம் மடிந்திருந்தது. பத்மாவதி காதைத் தொட்டாள். குளிர்ந்தது.

சுடலையால் வந்த அருளம்பலம், தோய்ந்த ஈர வேட்டியோடு படலையிலேயே சைக்கிளில் ஏறப் பார்த்தார். அவள் ஓடிப்போய் மறித்தாள். கொட்டிலைக் காட்டினாள்.

மாட்டைப் பார்த்ததும் அவர் சைக்கிள் பையிலிருந்து கல்சியம் போத்தலை எடுத்தார். போரில் மருந்துத் தடை வந்தபின் எஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான்.

"குளிர ஏத்தக்கூடாது, வெள்ளைச்சி. சூடாக்கித் தரச் சொல்லு," என்று அவர் மாட்டைப் பார்த்துச் சொன்னார்.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பத்மாவதி போத்தலைச் சேலைத் தலைப்புக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அவர் கழுத்து நரம்பில் ஊசி ஏற்றினார். அவள் போத்தலை உயர்த்திப் பிடித்தாள்.

"போத்தலைப் பதிக்கச் சொல்லு, வெள்ளைச்சி. கெதியா ஏறினா உன்ரை நெஞ்சு நிண்டுபோம்."

அவள் கையைத் தாழ்த்தினாள்.

"காது ஏன் குளிருது?" அவளும் மாட்டைப் பார்த்தே கேட்டாள்.

"பேருக்குத்தான் காய்ச்சல். ரத்தத்திலை இருந்த கல்சியமெல்லாம் பாலோடை போயிட்டுது. கன்று போட்ட புதிசிலை கன்றுக்குக் காணுமான அளவுதான் கறக்கவேணும். ஒட்டக் கறந்த கெட்டிக்காரி ஆரெண்டு கேள், வெள்ளைச்சி."

நடராசாவின் அதே கேலி. அழுது வீங்கிய முகத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வயிற்றுக் காற்று வெளியேற மாடு ஏவறை விட்டது. தோல் நடுங்கியது. பிறகு தலையைத் தூக்கிக் கன்றைத் தேடியது.

அவர் ஊசியைக் கழற்றினார். "நாளைக்குக் காலமையும் வாறன், வெள்ளைச்சி."

வெறும் போத்தலை இறக்காமலே பத்மாவதி நின்றாள்.

"பெரியத்தான், என்னோடையும் ஒருக்காக் கதையுங்கோ."