பின்னுக்குப் போகாத ஆட்டம்

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை தாஸிம் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு போன் ஆட்டத்தில் தான் எடுத்த புள்ளியைச் சொன்னபோதே றமீலாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கண்டியின் கொழும்பு வீதியில் மின்சாமான் கடை வைத்திருக்கும் றவூப் ஹாஜியாரின் மகள் அவள். எதையும் 'ஒரிஜினல் ஜப்பான்' என்று விற்பவர்கள் நடுவே வளர்ந்தவளுக்கு, எந்தத் தொகை வாயில் வைத்து ஊதப்பட்டது என்பது காதிலேயே பிடிபடும்.

கடுகண்ணாவையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த வேனைச் சோதனைச் சாவடிக்குச் சாவடி நிறுத்தி, ஆட்களை இறக்கிச் சோதித்ததில், பகல் சாப்பாடு அஸர் தொழுகை நேரம்வரை தள்ளிப்போயிருந்தது. ஹாலில் பெரியவர்கள் கல்யாணத் தேதிக்கே போய்விட்டார்கள். இருவரும் பேசிப் பார்க்கட்டும் என்று விட்ட பக்க அறையில் ஆஸியா மாமி காவலுக்கு இருந்தாள். கையில் தஸ்பீஹ் ஜெபமணி உருண்டது. காது இந்தப் பக்கம்.

"எங்க, காட்டுங்க," என்றாள் றமீலா.

தாஸிம் போனை நீட்டினான். பழைய கேம்பாய் கைப்பெட்டியின் ஆட்டங்களைப் போனிலேயே ஓட்டும் எமியுலேட்டர். கட்டிகள் மேலிருந்து விழ, இடைவெளியில்லாமல் அடுக்கும் அதே ஆட்டம். புள்ளி அவன் சொன்னதுதான். ஆனால் ஆட்டத்தை இடையில் நிறுத்திச் சேமித்த இடங்கள் வரிசையாக நிரம்பிக் கிடந்தன.

"இதெல்லாம் என்னத்துக்கு?"

"பிழை விட்டா அந்த இடத்துக்கே திரும்பிப் போகேலும்."

"அப்ப ஒவ்வொரு கட்டிக்கும் போய்ப் போய் வந்ததா இந்த ஸ்கோர்?"

மாமியின் மணி நின்றது.

"ஒவ்வொரு கட்டிக்கும் இல்ல," என்றான் தாஸிம், விலை குறைக்க மனமில்லாதவனைப் போல. "நீட்டுக் கட்டி வரும்வரைக்கும் மட்டும்."

சிரிக்கப் போன றமீலா நிறுத்திக்கொண்டாள். போன வருடக் கலவரத்தில் வாப்பாவின் கடை எரிந்தது. அவளுக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் அடுத்த மாதமே வந்து, வாப்பாவின் கரிவாசனை போகாத கையைப் பிடித்து, கொடுத்த வார்த்தையைப் பக்குவமாகத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். கடை மறுபடி எழும்பிவிட்டது. இன்றைக்கு வந்தவனிடம் அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று.

"வாப்பாட கட திரும்பப் பத்தி எரிஞ்சாலும் இப்பிடித்தான் பின்னுக்குப் போவீங்களா?"

"புள்ள!" என்றாள் மாமி.

தாஸிமுக்கும் அந்தக் கதை தெரியும். கண்டியில் யாருக்குத் தெரியாது. அவன் போனை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"உங்களிட்ட உண்மையான கேம்பாய் பெட்டி ஈக்கின்னு செல்லினாங்க. அதத் தாங்க."

அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். கடைச் சாம்பலுக்குள் பொறுக்கியெடுத்த கேம்பாய். ஒரு மூலை மெழுகாய் உருகி இறுகியிருந்தது. மற்றதெல்லாம் வேலை செய்தது.

"இதுல பின்னுக்குப் போகேலா."

"தெரியும்."

விளையாடினான். கட்டிகள் கோணலும் ஓட்டையுமாய் ஏறி, திரையின் கூரையில் முட்டின.

"முடிஞ்சதா, மகன்?" இந்த ஆட்டம் ஒழிந்ததென்று மாமிக்கு அடக்க முடியாத சந்தோஷம்.

"முடிஞ்சுது, மாமி." அவன் முகத்தில் வெட்கமொன்றும் இல்லை. மறுபடி தொடங்கினான். "இதவிட மோசமாவும் வெளாடுவேன், பாத்துக்கொண்டிருங்க."

"மகள், என்ன முடிவு செல்லுற?" ஹாலிலிருந்து வாப்பாவின் குரல். வாங்க வந்தவன் வாசலைப் பார்க்கத் தொடங்கும்போது கடையில் எழும்பும் குரல். "அவங்களுக்கு இருட்ட முந்திப் போகணும்!"

ஹந்தானை மலையிலிருந்து பனி இறங்கி, ஜன்னல் மங்கிக்கொண்டு வந்தது. அந்தப் பெட்டியின் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. ஜன்னலுக்கும் அவனுக்கும் நடுவே நின்ற றமீலாவின் நிழல் அப்படியே திரைமேல் விழுந்தது. விலகச் சொல்ல வாயில்லாமல், தாஸிம் பெட்டியை அப்படியும் இப்படியும் சாய்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு விளையாடினான்.

அவள் நகர்ந்தாள். வாப்பா கூப்பிட்ட கதவுப் பக்கம் அல்ல, அவன் உட்கார்ந்திருந்த கதிரையின் பக்கம். திரையில் வெளிச்சம் பட்டது. கோணல் கட்டியொன்று இறங்கி வந்துகொண்டிருந்தது.