வெள்ளைத் தோல் சீட்

பெரியவர் காரை விற்கப் போகிறார் என்று கேட்டதும் மீன்காரி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். பலகையில் மீன் பாதி வெட்டியபடி கிடந்தது.

"யாரு சொன்னா?"

"அண்ணனேதான்," என்றான் அவள் புருஷன். கடை வாசலில் ஐஸ் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். "முட்டி மடங்க மாட்டேங்குதாம். அந்தப் பள்ளத்துச் சீட்டுல இறங்கி ஏற முடியலையாம். வெளிய விக்கிறதுக்கு முன்னாடி நமக்கு வேணுமான்னு கேட்டாரு. வீட்டுப் பொருள் வீட்டுக்குள்ளயே இருக்கட்டுமேன்னு."

"வாங்கிடலாம்."

அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டான்.

அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர்தான் உட்காரலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் மேல்மூடி மடங்கிப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். உள்ளே வெள்ளைத் தோலில் தைத்த சீட். பெரியவர், அதாவது அவள் புருஷனின் அண்ணன், பள்ளிக்கூடங்களுக்கு பெஞ்சும் மேசையும் செய்து கொடுத்துப் பணம் பார்த்தவர். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதை ஊருக்குக் காட்டுவதே அவருக்கு வேலையாகிவிட்டது. மூடியைத் திறந்துபோட்டுக்கொண்டு விருந்துக்கு ஒரு சுற்று, காற்று வாங்க ஒரு சுற்று, காரணமே இல்லாமல் பத்துச் சுற்று. ஓடியிருக்கும் தூரத்துக்கு உலகத்தையே ஐந்தாறு தடவை வலம் வந்திருக்கலாம். இவ்வளவு ஓடிய வண்டிக்கு ஒரே ஒரு தூரம்தான் அதிகமாகிப்போயிற்று. அது பெரியவர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு உள்ள தூரம்.

அவர் வண்டி வாங்கிய புதிதில் அவளுக்குத் தலைப்பிரசவம். மாதம் நிறையவில்லை. புருஷன் வேனை எடுத்துக்கொண்டு துறைமுகத்து ஏலத்துக்குப் போயிருந்தான். பனிக்குடம் உடைந்துவிட்டது. நனைந்த புடவையோடு சுவரைப் பிடித்துப் பிடித்து அடுத்த தெருவிலிருந்த பெரியவர் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் புதுக் காரைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், கடைசியில் சீட்டைப் பார்த்தார்.

"ஈரமா இருக்கேம்மா. வெள்ளைத் தோலு, சீட் கெட்டுப்போயிடும். நாலு எட்டு வச்சா மெயின் ரோடு. டாக்சி கிடைக்கும்," என்றார்.

அந்த நாலு எட்டை அவள் வைத்தாள். டாக்சி கிடைக்க நேரமாயிற்று. பிள்ளை பிறந்தது, ஆனால் அழவில்லை. ஆண் பிள்ளை. அதற்குப் பிறகு அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

பெரியவர் துக்கம் கேட்க அதே காரில்தான் வந்தார். அன்றைக்கு மேல்மூடியை மூடிக்கொண்டு வந்தார். அந்த மட்டுக்கும் மரியாதை தெரிந்த மனிதர்.

நடந்தது நடந்துபோச்சு, மறந்துவிடு என்று அவளிடம் சொல்லாத ஆள் இல்லை. எல்லாருக்கும் தலையாட்டினாள். ஒரு வார்த்தையும் காதுக்குள் போகவில்லை. ஒரு கடை மூன்று கடையாயிற்று. ஊரார் அவளை முதலாளியம்மா என்றுகூடக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவளுக்கு மீன்காரி என்ற பெயரே போதுமாக இருந்தது. நெஞ்சில் இருந்த நெருப்பு மட்டும் அடுப்புச் சாம்பலுக்குள் கங்கு மாதிரி அப்படியே கிடந்தது.

"வாங்கி என்ன பண்ணப் போற?" என்று கேட்டான் புருஷன்.

"மீன் ஏத்தப் போறேன். அந்த வெள்ளைச் சீட்டுல கூடை கூடையா மத்தி. ஐஸ் உருகி ஒழுகணும். மூடியைத் தொறந்துபோட்டு தினம் காலையில உங்க அண்ணன் வாசல்ல கொண்டுபோய் நிறுத்தி, மாமா மீன் வேணுமான்னு கேப்பேன். ஈ மொய்க்கிறத அவரு கண்ணால பாக்கணும்."

"வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்காத. அந்த வண்டிக்கு உடம்பு பூரா நோய். எண்ணெய அப்படியே குடிக்குது. ஒரு திருகாணி வேணும்னாலும் கப்பல்ல வரணும். மூடி மோட்டாரு எப்ப நிக்கும்னு தெரியாது. பாதியில நின்னா மேலயும் போகாது, கீழயும் வராது. தெருவுல நின்னு நானே ஒரு தடவை தள்ளிக்கிட்டு வந்திருக்கேன்."

"இருக்கட்டும்."

"அவரு என் அண்ணன்."

"அவன் உங்க புள்ள."

அவன் கழுவி வைத்த பெட்டியையே எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடையை அவனிடம் விட்டுவிட்டு மீன் வேனிலேயே புறப்பட்டுப் போனாள். போவதற்கு முன் எலுமிச்சம்பழம் தேய்த்து இரண்டு தடவை குளித்தாள். பெட்டியிலிருந்து எடுத்த புடவை, கழுத்தில் செண்ட். பெரியவர் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். அவர் மனைவி, அவளுடைய ஓரகத்தி, மகள் வீட்டுக்குப் போயிருந்தாள்.

"வாம்மா, வாம்மா. வானம் இருட்டிக்கிட்டு வருது. மூடியை மூடியே ஒரு சுத்து சுத்திப் பாத்துடு."

"தொறக்காத மூடிக்கா மாமா இவ்வளவு பேரு? தொறங்க."

பெரியவர் தயங்கித் தயங்கிப் பொத்தானை அழுத்தினார். எங்கேயோ பின்னால் கிழட்டு ஆடு இருமுகிற மாதிரி ஒரு சத்தம். மூடி ஆடி அசைந்து மடங்கி ஒருவழியாகப் படுத்தது. அதுவரை அடக்கிவைத்திருந்த மூச்சை அவர் விட்டார்.

அவள் ஓட்டும் பக்கத்துக் கதவைத் திறந்தாள். பெரியவர் அவசரமாகக் குறுக்கே வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சீட்டின் மேல் விரித்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. மீன் வாடை ஒட்டிக்கிட்டா லேசுல போகாது. நாளைக்கே நீ வேணாம்னுட்டா அடுத்தவங்களுக்குக் காட்டணுமில்ல."

அவள் துண்டின் மேலேயே உட்கார்ந்தாள். எலுமிச்சம்பழம் தேய்த்ததை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. வாங்குவது என்று அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. மத்தி போதாது, போன வாரத்து மத்தி வேண்டும் என்றும் தோன்றியது. பெரியவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்துச் சீட்டில் இறங்கினார்.

வண்டி என்னவோ நன்றாகத்தான் ஓடியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைத்தெருவைத் தாண்டியதும் காற்று முகத்தில் அடித்தது, தலைமுடி அவிழ்ந்தது, ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை உணர்ந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எதிரி வீட்டுச் சோறு ருசித்துவிட்டால் வருகிற ஆத்திரம் அது.

நாற்சந்தியில் நேராகப் போகாமல் வலது பக்கம் திரும்பி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இங்க எதுக்கும்மா?" என்றார் பெரியவர்.

"எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கத்தான் மாமா."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அஞ்சு நிமிஷம்கூட ஆகல. நடுவுல சிக்னல் வேற. இந்த வயசுலயும் அதோட வேகத்தைப் பாத்தியா?"

அவள் அந்த முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது. மனிதர் மறந்தே போயிருந்தார். அவள் தினம் எடுத்து எடுத்துத் தீட்டிவைத்த அந்த வார்த்தைகள், சொன்ன அவருக்கே நினைவில் இல்லை. இவர் வாசலில் மீன் கூடையோடு போய் நின்றால் என்ன ஆகும்? பைத்தியக்காரி, நல்ல வண்டியை நாசம் பண்ணுகிறாள் என்பார். ஊரும் ஆமாம் போடும். மறந்தவனைப் பழிவாங்க முடியாது, முதலில் அவனுக்கு நினைவு வர வேண்டும். வண்டியைத் திருப்பினாள்.

வீட்டை நெருங்கும்போது முதல் தூறல் விழுந்தது. பெரியவர் பதறிப்போய்ப் பொத்தானை அழுத்தினார். மூடி எழுந்தது, பாதி வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. கொட்டாவி விட்டவன் வாயை மூட மறந்த மாதிரி வானத்தைப் பார்த்து நின்றது. அழுத்தினார், அழுத்தினார், ஒரு முனகல்கூட இல்லை. ஷெட்டுக்குள் விடலாமென்றால் நிமிர்ந்து நின்ற மூடி வாசல் நிலையில் இடித்தது. கையால் இழுத்துப் பார்த்தார். கம்பி எங்கேயோ நறநறத்தது, விட்டுவிட்டார்.

அதற்குள் மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. பெரியவர் மடங்காத முட்டியோடு உள்ளே ஓடி, குளிக்கும் துண்டுகளை வாரிக்கொண்டு வந்து சீட்டில் போட்டார். அவை ஊறிப்போய்ப் பாரமாகக் கிடந்தன. அவர் கண் அவள் வேனின் மேல் விழுந்தது.

"எம்மா, உன் வேன்ல தார்ப்பாய் இருக்குமே. எடும்மா, சீக்கிரம்."

இருந்தது. மீன் பெட்டிகளை மூடுகிற பெரிய நீலத் தார்ப்பாய், இந்த மாதிரி மூன்று காரைப் போர்த்தலாம். அவள் வேனின் பின்கதவைத் திறந்து அதைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"ஈரமா இருக்கு மாமா. மீன் தண்ணி. வெள்ளைத் தோலு, சீட் கெட்டுப்போயிடும்."

"பரவால்லம்மா, குடு. நான் அப்புறம் தொடச்சுக்கறேன்."

"நாலு எட்டு வச்சா மெயின் ரோடு. கடையில புதுசே கிடைக்கும்."

"வெளையாடுற நேரமாம்மா இது? இந்த மழையில நான் எப்படி…"

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். கை துண்டைப் பிழிந்தபடியே இருந்தது. அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அவள் புடவை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. அவர் பார்வை அந்தப் புடவையிலிருந்து சீட்டுக்குப் போய், திரும்ப அவள் முகத்துக்கு வந்தது. வந்துவிட்டது, நினைவு. அவள் அது வருவதைக் கண்ணால் பார்த்தாள்.

"எம்மா," என்றார், குரல் இறங்கிப்போய். "டாக்சி கிடைக்க அவ்வளவு நேரமாகும்னு நான் நெனைக்கலம்மா. அந்தக் கொஞ்ச நேரத்துல அப்படி ஆகும்னு…"

"அஞ்சு நிமிஷம்கூட ஆகாது மாமா. இப்பதான நீங்களே பாத்துச் சொன்னீங்க."

அவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு மழையிலேயே நின்றார். அவள் வேனில் ஏறி உட்கார்ந்து, வைப்பரைப் போட்டுவிட்டு, வெள்ளைச் சீட்டில் தண்ணீர் நிரம்பி விளிம்பு வழியாக வழிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் கிளம்பினாள்.

கடையில் புருஷன் வாசலுக்கே வந்துவிட்டான். "என்னாச்சு? வாங்கிட்டியா?"

"வேணாம்னுட்டேன். மழையில நனைஞ்சுபோச்சு."

அவன் அவளையே பார்த்தான். வேனின் பின்கதவைத் திறந்து, மடித்தது மடித்தபடி காய்ந்து கிடந்த தார்ப்பாயைப் பார்த்தான். தொட்டும் பார்த்தான். அவள் தலை துவட்டத் துண்டு எடுத்து வந்தான்.

பழி தீர்த்தவர்களுக்குத் தூக்கம் வராது என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டு இருக்கட்டும். அன்று மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள், மழை விட்டு, வெயில் வந்து, கடை சாத்துகிற நேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. புருஷன் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எழுப்பாமல் போய்விட்டான்.