பொடவு

"பக்கச் செவுத்துல பொடவு விழுந்திருந்துச்சும்மா" என்று ஞானசேகரன் சொன்னதும் வைதேகியின் வாய் ஒரு கணம் நின்றுவிட்டது. இருபது வருடமாக நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அவள். சாட்சிக்குப் பக்கத்தில் நின்று தமிழை ஆங்கிலமாகவும் ஆங்கிலத்தைத் தமிழாகவும் மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். ஈசூனில் வீட்டுக் கதவைத் திறக்கும்போது அன்றைக்குப் பேசியதில் பாதி மறந்திருக்கும். ஆனால் இந்தச் சொல்லை அவள் கேட்டதேயில்லை. அவளுடையது பள்ளிக்கூடத்தில் படித்து, தேக்கா சந்தையில் பேசிப் பழகிய தமிழ். விசாரணை அதிகாரியிடம் அனுமதி கேட்டுவிட்டு, "பொடவுன்னா என்ன? குகையா?" என்றாள். தேனிப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவன் ஞானசேகரன். கழுத்துவரை பொத்தான் போட்ட புதுச் சட்டைக்குள் சற்று யோசித்தான். "ஆமாம்மா. குகை மாதிரிதான்." அவள் ஆங்கிலத்தில் "கேவ்" என்றாள். அது அப்படியே பதிவாயிற்று.

செங்காங்கில் கழிவுநீர்க் குழாய் போடத் தோண்டிய பள்ளத்தில் மண் சரிந்து தங்கராஜு என்ற தொழிலாளி இறந்துபோயிருந்தான். எப்படி இறந்தான் என்பதற்கான விசாரணை இது. ஞானசேகரன் அவனுடைய அறைக்கூட்டாளி. சம்பவத்தன்று மேலே நின்றிருந்தவன், சரிந்த மண்ணைக் கையாலேயே பறித்ததில் அவனது இரண்டு விரல்களில் இன்னும் நகம் சரியாக முளைக்கவில்லை. "காலையிலயே சூப்பர்வைசர் ரமணன் அண்ணன்ட்ட சொன்னேன், பொடவு விழுந்திருக்கு, யாரும் எறங்க வேணாம்னு" என்று அவன் தெளிவாகவே சொல்லியிருந்தான். ரமணன் கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நிறுவனத்தின் வழக்கறிஞர் இளம்பெண். குரலை உயர்த்தாமல் கேட்டாள். குகை என்றால் யாராவது குடைந்திருக்க வேண்டும் இல்லையா? வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நீங்களும் தங்கராஜுவும் அடிமண்ணைக் குடைந்தீர்களா? வைதேகி அதைத் தமிழில் சொன்னபோது ஞானசேகரன் வழக்கறிஞரைப் பார்க்காமல் அவளையே பார்த்தான், அவளே அப்படிக் கேட்டுவிட்டாள் என்பதுபோல. "நாங்க குடையலம்மா" என்றான். அதோடு மதிய இடைவேளை வந்துவிட்டது.

வைதேகி சாப்பிடப் போகாமல் கைப்பேசியில் அந்த ஆங்கிலச் சொல்லைத் தட்டிப் பார்த்தாள். குகை, முழை, பொந்து, குடைவு, உட்குழிவு என்று அகராதி அடுக்கியது. அதற்குக் கீழே, வினையாக வந்தால் இடிந்து சரிதல் என்றும், நெருக்குதல் தாங்காமல் இணங்கிப் போதல் என்றும் போட்டிருந்தது. பொடவு எதிலும் இல்லை. தண்ணீர் பிடிக்க எழுந்து நடைக்கூடத்துக்கு வந்தாள். பெஞ்சில் ஞானசேகரனுக்குப் பக்கத்தில் ரமணன் உட்கார்ந்திருந்தார். மைலோ பொட்டலத்தில் உறிஞ்சுகுழலைக் குத்தி அவன் கையில் கொடுத்தார். "ஒன் தம்பி எப்ப வர்றான்? வேலை பெர்மிட்டுக்குப் பேப்பரெல்லாம் போட்டாச்சு லா. இனி நம்ம கம்பெனி சொல்றதுதான்." அன்பாகத்தான் சொன்னார். ஞானசேகரன் பொட்டலத்தைக் குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

வைதேகி நேராக நீதிமன்ற எழுத்தர் யாமினியிடம் போய், கேட்டதைச் சொன்னாள். யாமினி பேனாவை எடுத்தாள். "மிரட்டுனாராக்கா?"

"இல்ல. தம்பியப் பத்தி விசாரிச்சாரு."

"அப்போ நான் என்னன்னு ரிப்போர்ட் பண்றது?"

வைதேகி திரும்பி நடந்தாள். அந்தச் சொல்லையாவது திருத்திவிடலாம் என்று தோன்றியது.

மீண்டும் கூடியதும், தான் கொடுத்த சொல் சரியில்லை என்றும் சாட்சியே விளக்கட்டும் என்றும் அதிகாரியிடம் சொன்னாள். ஞானசேகரன் சொன்னான். மலைச்சரிவில் பாறைக்கு அடியில் மண் அரித்துப் போய்க் குழிவாக இருக்கும், மழைக்கு ஆடு ஒதுங்கும், அதுதான் பொடவு. பள்ளத்திலும் ராத்திரி மழைத் தண்ணீர் அரித்துத் தானாக விழுந்தது. நீரால் அரிக்கப்பட்ட குழிவு என்று வைதேகி நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள். வழக்கறிஞர் நன்றி சொன்னாள். சொல்லிவிட்டு, ஆக, இது இயற்கையாக நேர்ந்தது, இல்லையா என்றாள். யாரும் குடையவில்லை, மழை செய்த வேலை, யாரும் முன்கூட்டியே அறிந்திருக்க முடியாது. காலையில் பழியை இரண்டு தொழிலாளிகள்மேல் வைத்த தன் வாய், இப்போது அதை எடுத்து மழையின்மேல் வைத்துவிட்டது என்று வைதேகிக்குப் புரிந்தது.

"நீங்கள் சூப்பர்வைசரிடம் உண்மையிலேயே சொன்னீர்களா?" என்று வழக்கறிஞர் கேட்டாள்.

ஞானசேகரன் தன் விரல்களைப் பார்த்தான். "சொல்லணும்னு நெனச்சேன்" என்றான். பிறகு, "சொல்லல."

மொழிபெயர்ப்பாளர் சாட்சியாகவே பேச வேண்டும், 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். நான் யாரிடமும் சொல்லவில்லை என்று வைதேகி ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் குரல் சுத்தமாகவும் நன்றாகக் கேட்கும்படியும் இருந்தது. அவள் காதிலேயே அது விழுந்தது.

தங்கராஜுவின் மனைவி கமலம் ஊரிலிருந்து காணொளியில் இணைந்திருந்தாள். சுவர்த் திரையில் அவள் முகம், பின்னால் நீலச் சுவர். குடும்பத்தார் ஏதாவது கேட்க விரும்புகிறார்களா என்று அதிகாரி கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க" என்றாள் கமலம். "எறங்காதன்னு யாருமே அவருட்ட சொல்லலையா?"

ஞானசேகரனுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஆனாலும் நீதிமன்றத்துக்குத் தேவைப்பட்டது; வைதேகி அதை ஆங்கிலமாக்கி முடிக்கும்வரை அவன் தலை குனிந்தே நின்றான். "இல்லக்கா" என்றான். அவள் அதையும் ஆங்கிலத்தில் சொல்ல வாய் திறப்பதற்குள் திரையில் கமலம் தலையசைத்துவிட்டாள்.

தீர்ப்புக்கு வேறு தேதி சொல்லப்பட்டது. எல்லாரும் எழுந்தார்கள். ரமணன் ஞானசேகரனின் தோளில் கைபோட்டு வெளியே அழைத்துப் போனார். வழக்கறிஞர் பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள். யாமினி கோப்புகளோடு உள்ளறைக்குப் போய்விட்டாள். திரையை யாரும் அணைக்கவில்லை.

வைதேகி கதவருகே வந்துவிட்டாள். குடும்பத்தாரோடு மொழிபெயர்ப்பாளர் தனியாகப் பேசக்கூடாது. திரையில் கமலம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அங்கே யாரோ மின்விசிறி போட்டிருக்க வேண்டும், நெற்றி முடி பறந்தது. காலி நாற்காலிகளைப் பார்த்து அவள் கேட்டாள்.

"முடிஞ்சிருச்சுங்களா?"

கொஞ்சம் பொறுத்து, கைப்பேசிக்கு இன்னும் நெருங்கி வந்து, மறுபடியும் கேட்டாள்.