ஆறு விரல் இழுப்பு

கதவு செய்கிறவருக்குக் கையில் பலம் அதிகம், வாயில் அதைவிட அதிகம். இருபது வருஷத்தில் அவர் மாட்டிய ஒரு கதவும் தொங்கியதில்லை என்பதை அவரே ஊர் முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டதால் நாம் வேறு சொல்ல வேண்டியதில்லை. இரும்பு கிளாம்பைக் கையில் எடுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசித் திருகு வரை முறுக்குவார். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடுக்கு தெரிந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

அவருடைய தங்கை வில் செய்கிறவள். மெல்லிய மரப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி அடுக்கி, வளைந்த அச்சின்மேல் வைத்துக் கட்டி, ஒரே உடம்பாக்கி எடுப்பாள். கதவுக்காரரின் மனைவி அவளுக்கு வில்லி என்று பேர் வைத்திருந்தாள். நாத்தனாருக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது என்பது அவள் கட்சி.

அந்த வில்லிதான் மாடிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அதுவும் எந்த நேரத்தில்? கணக்கு டீச்சர் ஒருத்தி நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக மாநில வில்வித்தை அணிக்கான தேர்வுப் போட்டிக்கு அழைக்கப்பட்டிருந்தாள். அவளுடைய பழைய வில் விரிசல் விட்டுவிட்டது. போட்டிக்கு இன்னும் எட்டே நாள். டீச்சரின் கைநீளத்துக்கும் பலத்துக்கும் அளந்து இழைத்த பட்டைகள் ஒரே ஒரு ஜோடிதான் இருந்தன. ஒட்ட ஆள் இல்லை. அண்ணனைக் கூப்பிட்டாள்.

கதவுக்காரர் ஒரு பை நிறைய கிளாம்புகளோடு வந்து இறங்கினார். தங்கை பையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். இங்கே அதெல்லாம் வேண்டாம், சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டிய நாடா போதும் என்றாள். அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. வில்லை ரப்பரால் கட்டுவதா?

நாடாவைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் அதில் நாலு விரலுக்கு ஒரு கோடு போட்டிருப்பது தெரிந்தது. இழுத்துச் சுற்றும்போது கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஆறு விரல் இருக்க வேண்டும். ஏழும் கூடாது, ஐந்தும் கூடாது. அப்படிச் சுற்றினால் வில்லின் நுனியிலிருந்து நுனிவரை எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம். அழுத்தம் பார்க்கிற மீட்டர் எதுவும் இல்லாமல் ஒரு ட்யூபும் பேனாவும் வைத்துக்கொண்டு இவள் இதைக் கண்டுபிடித்திருக்கிறாளே என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

"பலம் பெருசில்லண்ணா. எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருக்கணும், அவ்வளவுதான். ஒரு எடத்துல ரொம்ப அழுத்தினா பசை எல்லாம் வெளிய வந்துரும். வெறும் மரமும் மரமும் உரசிக்கிட்டு நிக்கும். பார்த்தா ஒட்டின மாதிரியே இருக்கும்."

பசை கலந்த நேரத்தைச் சுவரில் எழுதினாள். நாற்பது நிமிஷத்தில் இறுகிவிடும். அவர் சுற்ற ஆரம்பித்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து இடது கை விரலை நாடாமேல் நகர்த்திக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, இங்கே இளக்கம் என்பாள். அவிழ்த்து அளந்து பார்த்தால் ஐந்தரை விரல் இருக்கும். மூன்று தடவை இப்படி ஆனபின் அவர் அளப்பதை விட்டுவிட்டு அவள் விரலையே நம்பினார்.

கைப்பிடியை நெருங்கும்போது டீச்சரிடமிருந்து போன் வந்தது. தங்கை எழுந்து வாசல் பக்கம் போனாள். அப்போது பார்த்தார் அவர், கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு இடுக்கு. நாடா அந்த இடத்தை இன்னும் எட்டவில்லை, எட்டினால் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் கண் கேட்க வேண்டுமே. பையிலிருந்து ஒரு கிளாம்பை எடுத்து அந்த இடத்தில் மாட்டி இரண்டு முறுக்கு முறுக்கினார். இடுக்கு மாயமாய் மறைந்தது. கூடவே பசை கொழகொழவென்று வழிந்தது. சட்டென்று கிளாம்பைக் கழற்றி, துணியால் சுத்தமாகத் துடைத்து, அதன்மேல் நாடாவைச் சுற்றி முடித்தார்.

தங்கை வந்தாள். வில்லின் ஓரத்தைக் கண்ணால் தடவிக்கொண்டே போனாள். நுனியிலிருந்து கடுகு கடுகாகப் பசை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் மட்டும் துடைத்துவிட்டதுபோல இருந்தது. இங்கே துடைத்தாயா என்று கேட்டாள். பசை சொட்டிவிட்டது, அதனால் துடைத்தேன் என்றார். இருபது வருஷ அனுபவம் அவரை அந்த ஒரு பொய்க்குத்தான் கொண்டுவந்து விட்டது.

அவள் தலையாட்டினாள். முதல் இழுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். புது வில்லை முதன்முதலில் முழுசாக இழுப்பது எப்போதும் அவள்தான். எங்காவது பிளந்தால் தன் முகத்துக்கு நேராகத்தான் பிளக்க வேண்டும், வாங்குகிறவள் முகத்தில் இல்லை என்பது அவள் வைத்திருந்த சட்டம்.

"இந்தக் கையோட என்னால முடியாது. டீச்சரே இழுக்கட்டும். நீ சுத்தினதுதானே, எனக்கு என்ன பயம்?"

கதவுக்காரர் கணக்குப் போட்டார். தொங்குகிற கதவென்றால் கிரீச்சென்று கத்தும், வீட்டுக்காரர் திட்டுவார், அதோடு போயிற்று. இது டீச்சரின் கன்னத்துக்கு ஒரு கை நீளம் தள்ளி இருக்கப் போகிற மரம். சுவரில் எழுதிய நேரத்தைப் பார்த்தார். முப்பத்தொரு நிமிஷம் ஆகியிருந்தது. வாயைத் திறந்தால் இருபது வருஷ மானம் போகும்.

"கிளாம்ப் போட்டுட்டேம்மா. கைப்பிடிகிட்ட. ரெண்டு முறுக்கு."

அவள் மேசைக்கு அடியில் இடது கையை விட்டாள். பசை டப்பாக்கள் இரண்டும், புது நாடாச் சுருளும், கத்தரிக்கோலும் ஏற்கெனவே அங்கே எடுத்து வைக்கப்பட்டிருந்தன.

"தெரிஞ்சுதான் இருந்தியா? அப்ப ஏன் கேக்கல?"

"நானா கேட்டு நீ ஒத்துக்கிட்டா, அடுத்த சுத்துக்கு உன் கைய எப்படி நம்பறது? இன்னும் ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு நானே வெட்டியிருப்பேன்."

நாடாவை வெட்டிப் பிரித்து, பட்டைகளை விலக்கினார்கள். கைப்பிடிப் பக்கம் மரம் வெளுத்துக் கிடந்தது. புதுப் பசை தடவி மறுபடி சுற்றினார். இந்த முறை இடுக்கு வந்தபோதும் கண்ணை மூடிக்கொண்டு ஆறு விரல், ஆறு விரல் என்று போனார். வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் தன் தங்கையைப்போல ஒரு தொழில்காரியை அவர் அதுவரை பார்த்ததில்லை என்றும் நினைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் டீச்சர் வந்தாள். பசை காய்ந்து, செதுக்கி, நாண் ஏற்றிய வில் மேசைமேல் இருந்தது. டீச்சர் கையை நீட்டுவதற்குள் கதவுக்காரர் குறுக்கே வந்து, முதல் இழுப்பு என்னுடையது என்று எடுத்துக்கொண்டார். நாணைப் பிடித்து, மூச்சை இழுத்து, கன்னம்வரை கொண்டுவந்தார். கைப்பிடிக்கு மேல் அந்த இடம் அவர் கண்ணுக்கு நேராக நின்றது. ஏதாவது முறியும் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, தங்கை பயப்படுகிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

அவள் பார்க்கவே இல்லை. அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அடுத்த வில்லுக்கான நாடாவில் இடது கையால் கோணல்மாணலாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.