தாமதமாகக் காட்டிய சீட்டு

லொரெய்ன் ஒமாஹாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். லாஸ் வேகாஸ் போக்கர் சீட்டாட்டப் போட்டிக்கு அப்போதுதான் முதன்முறையாக வந்திருந்தாள். எதிரே இருந்த ஹார்லன் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் தன் சில்லுகள் அத்தனையையும் பந்தயத்தில் வைத்தார். அவளும் அதே அளவு வைத்தாள். அவர் சீட்டைக் காட்டினார். தன்னுடையது பெரிதுதானா என்று பதற்றத்தில் மூன்று முறை சரிபார்த்த பிறகே அவள் காட்டினாள்.

"ஜெயிச்சுட்டோம்னு தெரிஞ்சும் மனுஷனத் தவிக்க விட்டு வேடிக்கை பாக்குறியாம்மா?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"ஐயோ, சத்தியமா எனக்குத் தெரியலைங்க!"

"ஆமா, நம்பிட்டோம்."

தோற்றுப்போன ஹார்லன் கைகொடுக்காமல் எழுந்து போனார். இடைவேளையில் மன்னிப்புக் கேட்கத் தேடினாள். அவர் ஊருக்கே கிளம்பிவிட்டிருந்தார். அதன்பின் ஒவ்வொரு முறையும் முதல் ஆளாகச் சீட்டைக் காட்டினாள். மாலைவரை ஜெயித்துக்கொண்டே இருந்தாள். மேஜையில் ஒருவரும் அவளிடம் பேசவில்லை.