துளை இருக்க வேண்டிய பக்கம்

எஃகுக் குழாய் ஒன்றை முப்பது பாகை வளைக்க வேண்டுமானால் முப்பத்திரண்டு வரை கொண்டுபோக வேண்டும். கையை எடுத்ததும் அது இரண்டு பாகை தானாகப் பின்வாங்கிவிடும். ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகர ஓரத்திலிருந்த அந்தச் சிறிய தொழிற்சாலையில் இந்த இரண்டு பாகையைக் கையாலேயே கணிக்கத் தெரிந்தவர் சோதிலிங்கம் ஒருவர்தான். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் வாகனங்களின் பிரேக் குழாய்களையும் சூடாக்கிகளின் எண்ணெய்க் குழாய்களையும் வளைத்துவந்தார். புதிய வேலை எது வந்தாலும் முதலில் இரண்டு மாதிரிகள் செய்வார்: ஒன்று அனுப்ப, ஒன்று வைக்க. இரண்டின் ஓரத்திலும் ஊசியால் நாளையும் தம் முதலெழுத்தையும் கீறுவார். அப்படிச் செய்யுமாறு யாரும் அவரிடம் சொன்னதில்லை.

2003ஆம் ஆண்டு ஒக்டோபர் 13, திங்கட்கிழமை, நானூறு குழாய்கள் நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. பென்சிலைவிட மெல்லியவை அவை. முன்முனைக்கு அருகே சற்றே விலகி மறுபடியும் நேராகச் செல்பவை. முனையில் ஒரு சிறு துளை கொண்டவை. வரைபடத்தில் ‘வழிக்குழாய்’ என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. வேலையைத் தந்தது ஓர் இடைத்தரகு நிறுவனம். அதற்கும் அளவுகள் மட்டுமே தெரியும். “இயங்கவில்லை. காரணத்தை ஒரு வாரத்துக்குள் கண்டறிந்து எழுதவும்” என்றது கடிதம்.

மேற்பார்வையாளர் டிர்க்ஸ்மையரின் பார்வை முதலில் யோசப்பின் என்ற பெண்ணின்மீது விழுந்தது. துளையிட்ட குழாய்களைச் சரிபார்க்கும் அச்சில் செருகிப் பார்த்து முத்திரை குத்தியவள் அவள். சேர்ந்து ஐந்தரை மாதம். ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிய இரண்டு வாரம் இருந்தது.

“சோதியண்ணை, நானூறையும் அச்சுக்குள்ள போட்டுப் பார்த்துத்தான் விட்டனான்” என்றாள் அவள் இடைவேளையில். “போகாத ஒண்டை விட்டிருந்தால் என்ர கண்ணைத் தோண்டுங்கோ.”

“உம்மட கண்ணை வைச்சு நான் என்ன செய்யிறது?”

“அப்ப அந்தாளுக்கு எடுத்துச் சொல்லுங்கோவன். நான் சொன்னால் விசயத்தைக் கேக்காமல் என்ர ஜேர்மன் பாசையைத் திருத்துது.”

சோதிலிங்கம் தேநீரில் இன்னொரு கரண்டி சீனி போட்டார்.

“வாற திங்கள் உங்களுக்குப் பிரசாவுரிமை அலுவலகத்தில டெர்மின் எல்லோ, ஒன்பது மணிக்கு வரச்சொல்லி? இப்பவே ஜேர்மன்காரர் மாதிரித்தான் இருக்கிறியள். கேட்டால் பதில் இல்லை.”

அவரிடம் பதில் இருந்தது. அதுதான் தொல்லை.

அந்தக் குழாய் எதற்கு என்பது, ஓகஸ்டில் வரைபடம் மேசைக்கு வந்த கணத்திலேயே அவருக்குத் தெரியும். துப்பாக்கி வெடிக்கும்போது குண்டின் பின்னால் எழும் வாயுவில் சிறிதளவு அந்தத் துளை வழியே குழாய்க்குள் ஏறிப் பின்னோக்கி ஓடும். ஓடி, அடுத்த குண்டுக்கான பொறியைத் தள்ளும். பதினெட்டு வயதில் அவர் ஊரில் ஒரு சிறிய ஆயுத இயக்கத்தின் முகாமில் பதினொரு மாதம் இருந்தார். அங்கிருந்த ஒரேயொரு நல்ல துப்பாக்கியைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவது அவருடைய வேலை. ஒருமுறைகூடச் சுட்டதில்லை. பிறகு அந்த இயக்கமும் இல்லாமற் போயிற்று. அவர் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தார். அகதி விசாரணையில் ஆயுதத்தைத் தொட்டதுண்டா என்று கேட்டார்கள். ‘இல்லை’ என்றார். அந்த ஒரு சொல்லின்மீதுதான் பதினைந்து ஆண்டுகளாக அவருடைய வேலையும் குடும்பமும் வீடும் நின்றன.

இடைவேளை முடிந்ததும் மிஞ்சியிருந்த ஒரு குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துளை வளைவின் வெளிப்பக்கத்தில் இருந்தது. துப்பாக்கிக் குழலை நோக்கியல்லவா அது திறக்க வேண்டும்! வரைபடத்தைப் பார்த்தார். முனையிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் என்று இருந்தது. எந்தப் பக்கம் என்று இல்லை. துளையிட்டவரும் யோசப்பினும் வரைபடத்துக்குக் கீழ்ப்படிந்திருந்தார்கள். ஓகஸ்டில் அவர் அனுப்பிய மாதிரி வளைவைக் காட்ட மட்டும்; அதில் துளை இல்லை. அவர் ஒரு சொல் சொன்னால் அவள் தப்புவாள். அது எப்படித் தெரியும் என்று அவரைக் கேட்பார்கள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு மாதிரிகளைச் செய்து, தாமே மறுபக்கத்தில் துளையிட்டு, டிர்க்ஸ்மையரின் மேசையில் வைத்தார்.

“ஏன் இந்தப் பக்கம்?”

“ஊகம்.”

“ஹெர் சோதிலிங்கம், பன்னிரண்டு ஆண்டுகளில் நீங்கள் ஊகித்து நான் பார்த்ததில்லை” என்றார் டிர்க்ஸ்மையர். ஆனாலும் ஒன்றை அன்றே அனுப்பிவைத்தார்.

புதன்கிழமை நிராகரிக்கப்பட்ட குழாய்கள் பெட்டியில் திரும்பி வந்தன. பொருத்திச் சோதித்த ஐந்தாறில் துளைக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் கரி படிந்திருந்தது. அந்தக் கரியைக் கண்டபோது சோதிலிங்கத்துக்கு ஏற்பட்ட நிம்மதியை வேறெவரும் கரியைக் கண்டு அடைந்திருக்க மாட்டார்கள். வியாழன் காலை, புதிய மாதிரி சரியாக இயங்குவதாகத் தொலைநகல் வந்தது. இனி அறிக்கைப் படிவம் மட்டுமே பாக்கி. ‘பிழையின் காரணம்’ என்ற கட்டத்தில் அவர் திருத்தமான எழுத்தில் இரண்டு வாக்கியங்கள் எழுதினார். துளை எந்தப் பக்கம் என்பதை வரைபடம் குறிப்பிடவில்லை. திரும்பி வந்த குழாய்களின் கரித்தடத்தைக் கொண்டு சரியான பக்கத்தை அறிந்தேன்.

பிற்பகலில் டிர்க்ஸ்மையர் அவரை அறைக்கு அழைத்தார். மேசையில் படிவத்துக்கு அருகே வைப்பு மாதிரியும் பெட்டியோடு வந்த சீட்டும் கிடந்தன. குழாயின் ஓரத்தில் 14.10. சீட்டில் 15.10.

“கரியைப் பார்ப்பதற்கு முதல்நாளே கரியிலிருந்து அறிந்திருக்கிறீர்கள்.”

வாழ்க்கையில் ஒருமுறை மட்டும் நாளைக் கீறாமல் விட்டிருக்கலாம் என்று சோதிலிங்கம் நினைத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, முகாமையும் பதினொரு மாதத்தையும் விசாரணையில் சொன்ன ‘இல்லை’யையும் சொன்னார். தம் ஜேர்மன் வாக்கியங்களில் வினைச்சொற்கள் கடைசியில் சரியாக வந்து அமர்வதை அவர் காது வெட்கத்துடன் கவனித்துக்கொண்டிருந்தது.

டிர்க்ஸ்மையர் குழாயை எடுத்துத் துளையைத் தமக்கு நேரே திருப்பினார்.

“ஓகஸ்டிலிருந்தே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிந்தும் ஏன் வளைத்தீர்கள்?”

“நீங்கள் தந்தீர்கள்.”

“சரி.” அவர் படிவத்தைத் திருப்பி வைத்தார். “இங்கே கேட்டிருப்பது பிழைக்கு என்ன காரணம் என்று. உங்கள் முதல் வாக்கியம் அதற்குப் போதும். இரண்டாவதை யாரும் கேட்கவில்லை. ஏன் எழுதினீர்கள்?”

சோதிலிங்கம் படிவத்தைப் பார்த்தார். உண்மைதான், யாரும் கேட்கவில்லை. பதினைந்து ஆண்டுகளாக எந்தத் தாளை நீட்டினாலும், உன்னை ஏன் நம்ப வேண்டும் என்று அது கேட்பதாகவே அவர் வாசித்துவந்திருக்கிறார். தண்ணீர்க் கட்டணப் படிவத்துக்குக்கூடச் சான்று இணைத்திருக்கிறார். பொய் சொன்னவனுக்குத்தான் இத்தனை சான்றுகள் தேவைப்படுகின்றன.

டிர்க்ஸ்மையர் புதிய படிவம் ஒன்றை நீட்டினார். சோதிலிங்கம் ஒரே வாக்கியம் எழுதிக் கையெழுத்திட்டார்.

“தரகரிடம் கேட்டேன். விளையாட்டுச் சுடுதலுக்காம், கடதாசி இலக்குகள்” என்றார் டிர்க்ஸ்மையர். “நானூறையும் மறுபடி வளைக்க வேண்டும். உங்களுக்கு வேண்டாமென்றால் சொல்லுங்கள்.”

“திங்களுக்குப் பிறகு சொல்கிறேன்.”

வெளியே யோசப்பின் காத்திருந்தாள். “என்னண்ணை, இருக்கிறனா, போறனா?”

“இரும். பிழை வரைபடத்தில.”

“அதைத்தானே நான் நாலு நாளாச் சொல்லுறன்! என்ன, பிழை எங்கை எண்டு தெரியாமல் சொன்னனான்.”

ஞாயிறு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் மனைவி பிரபாலினியிடம் விஷயத்தைச் சொன்னார். விண்ணப்பத்தில் அவளுடைய பெயரும் மகளுடைய பெயரும் இருந்தன. அவளைக் கேளாமல் முடிவெடுக்க முடியாது.

“நாளைக்கு, இயக்கத்தில இருந்ததோ எண்ட அந்தக் கேள்விக்கு ஓமெண்டு எழுதலாமெண்டு நினைக்கிறன்.”

அவள் கரண்டியை வைத்தாள். “அவங்கள் தராட்டி?”

“தராட்டி, இப்ப இருக்கிற மாதிரி இருப்பம். அதுக்கும் உறுதியில்லை. இருக்கிறதையும் திரும்ப எடுக்கலாம்.”

“இப்ப எப்பிடி இருக்கிறம் எண்டு உங்களுக்குத் தெரியுமே? பொலிசைக் கண்டால் வீதியை மாறுறியள். சைக்கிளில லைற் எரிஞ்சுகொண்டிருக்கேக்கயும்.” அவள் அவருடைய தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். “எழுதுங்கோ. ஆனால் முழுக்க எழுதுங்கோ. பாதியை எழுதிப்போட்டு வந்து இன்னும் பதினைஞ்சு வருசம் என்னை நித்திரை கொள்ள விடாமல் செய்யாதையுங்கோ.”

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிரசாவுரிமை அலுவலகப் பெண்மணி அவருடைய கோப்பைத் திறந்தார். ஒவ்வொரு பக்கத்தையும் அவர் வாசிக்க, சோதிலிங்கம் சரி சரி என்று தலையசைத்தார். ஏழாம் பக்கத்தில் உறுதிமொழி இருந்தது. ஆயுதம் ஏந்திய அமைப்பு எதிலாவது எக்காலத்திலாவது இருந்ததுண்டா? மார்ச் மாதம் அவரே ‘இல்லை’ என்ற கட்டத்தில் இட்டிருந்த குறி, நேர்த்தியாக, கட்டத்தின் நடுவில் அமர்ந்திருந்தது. அதற்குக் கீழே, ‘ஆம்’ என்றால் விவரம் எழுத ஒரு வரி விட்டிருந்தார்கள்.

இது கேட்கப்பட்ட கேள்வி. நேராக, எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லாமல் கேட்கப்பட்டது.

“இதில் ஒரு திருத்தம் இருக்கிறது” என்றார் அவர். பேனாவை எடுத்துத் தம் பழைய குறியை ஒரே கோட்டால் வெட்டி, அருகே அன்றைய நாளையும் முதலெழுத்தையும் எழுதினார். பிறகு அந்த ஒரு வரியை அளப்பவர்போல் பார்த்தார்.

“இடம் போதாது. தனித்தாள் தருவீர்களா?”

பெண்மணி கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். “எவ்வளவு எழுதப் போகிறீர்கள்?”

“பதினொரு மாதம்” என்றார் சோதிலிங்கம்.