இரண்டு விரல் இடைவெளி

என் தம்பிகள் இருவரும் தங்களுக்குள் பேச்சை நிறுத்தியது ஒரு துணிக்கடையின் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீரால். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

கடைத்தெருவில் என் கணவர் ஒரு மாடிக் கட்டடம் கட்ட நினைத்தார். கீழே துணிக்கடை, மேலே அலுவலக அறைகள், அவற்றின் பின்பக்கம் கழிப்பறை. எல்லாம் வாடகைக்கு. அப்போது ஒரு கம்பெனிக்காரர் வீடு தேடி வந்தார். அஸ்திவாரத்திலிருந்து பெயிண்ட் வரைக்கும், கரண்ட், தண்ணீர் உட்பட அத்தனையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். கடைசியில் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டால் போதுமாம்.

"எது கோளாறானாலும் நீங்க ஒரே ஆளோட சட்டையைப் பிடிச்சாப் போதும் சார். என் சட்டையை," என்றார்.

அவர் படி இறங்குவதற்குள் என் கணவர் அவருக்குச் சாவிக்காரர் என்று பேர் வைத்துவிட்டார். "சட்டையைப் பிடிக்கறதுக்கு இவனுக்குத் தனியா காசு குடுக்கணுமா? எனக்கு ரெண்டு மச்சான் இருக்கானுங்க. சட்டை போடாம வந்தாலும் பிடிப்பேன்."

பெரியவன் பிளம்பர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான், அதையும் யோசித்துச் சொல்வான். சின்னவன் ஆட்களை வைத்துக் கட்டட வேலை எடுக்கும் மேஸ்திரி. அவன் வாய் தூக்கத்தில்தான் மூடும். கான்கிரீட்டும் பூச்சும் சின்னவனுக்கு, குழாய் வேலை பெரியவனுக்கு, டைல்ஸுக்கும் கரண்டுக்கும் வேறு வேறு ஆட்கள் என்று என் கணவர் பிரித்துக் கொடுத்தார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். கல்யாணமாகித் தனித்தனியாகப் போன பிள்ளைகள், வேலை நடந்த நாளெல்லாம் மதியம் என் வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சின்னவன் அண்ணன் தட்டில் கை வைப்பான். பெரியவன் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைப்பான்.

துணிக்கடை திறந்து நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, மேலே கழிப்பறைக்கு நேர் கீழே கூரையில் ஈரம் பூத்தது. பிறகு சொட்டியது. துணியெல்லாம் பாழ். கடைக்காரர் காலி செய்வேன் என்று குதித்தார். என் கணவர் மச்சான்கள் இருவரையும் வீட்டுக்கு வரச்சொல்லி, சாப்பாடு பரிமாறும்போதே விசாரணையை ஆரம்பித்தார்.

"தளத்துல தண்ணி கட்டி வச்சுப் பாத்தேன் மாமா," என்றான் சின்னவன். "பைப் போடறதுக்கு முன்னாடியே. ஒரு சொட்டு இறங்கல. நீங்களும்தானே பாத்தீங்க?"

"பைப்போட வாயை அடைச்சு தண்ணி நிரப்பி வச்சேன்," என்றான் பெரியவன். "கொஞ்சம்கூடக் குறையல."

இரண்டும் உண்மை என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு, இவர்களில் ஒருவன் பொய் சொல்கிறான் என்றுதான் எல்லோருக்கும் பட்டது. டைல்ஸ்காரரைக் கேட்டால், டைல்ஸுக்குக் கீழே நடந்தது தனக்கெப்படித் தெரியும் என்றார். அவர் சொன்னதும் நியாயமாகவே இருந்தது.

சின்னவன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். "மட்டமான பைப் ஏதாவது போட்டுட்டியாண்ணா? சொல்லிடு, மாமாவை நான் சமாளிச்சுக்கறேன்."

பெரியவன் கையைத் தட்டிலேயே கழுவினான். செருப்பை மாட்டிக்கொண்டு போனான். திருடன் என்று தம்பி வாயால் கேட்ட பிறகு அவன் வேறு என்ன செய்வான்? நான் தெருமுனை வரை கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருவன் வந்தால் மற்றவன் வரமாட்டான். கடைக்காரர் போய்விட்டார். மேல்மாடிக் கழிப்பறைக்கு என் கணவர் பூட்டுப் போட்டார். கூரையை அட்டை வைத்து மறைத்துவிட்டு, வந்த வாடகைக்கு யார் யாரையோ வைத்தார். தம்பிகள் இருவருக்கும் நடுவில் தூது போயே என் பாதி ஆயுசு கழிந்தது. "அவன் வந்து தப்புன்னு சொல்லட்டும்" என்பான் சின்னவன். பெரியவன் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டான்.

போன வருஷம் பெரியவன் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தான். பக்கத்தில் நான்தான் இருந்தேன். தன் பிள்ளைகளைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று குனிந்தேன்.

"அது நல்ல பைப்புக்கா," என்றான்.

அவன் சாவுக்குச் சின்னவன் வந்தான். உள்ளே வராமல், எதிர்வீட்டுச் சுவரோரம் யாரோ மாதிரி நின்றான். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். "ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டிருந்தா போதுமேக்கா," என்று அழுதான். அழுகிற நேரத்திலும் அண்ணன் பொய்யன்தான் அவனுக்கு. எனக்கு வந்த கோபத்தில் கையை உதறிவிட்டு வந்துவிட்டேன். இவன் மனசில் பெரியவன் பேர் இப்படியேதான் இருக்கப்போகிறதா என்பதைத் தவிர எனக்கு வேறு கவலையே இல்லாமல் போயிற்று.

இந்த வருஷம் கட்டடத்தை முழுசாகச் சீர்செய்யவேண்டி வந்தது. என் கணவருக்கு மூட்டுவலி, ஆளாளுக்குப் பின்னால் அலைய முடியாது. வேறு வழியில்லாமல் அதே சாவிக்காரரைக் கூப்பிட்டு மொத்தத்தையும் ஒப்படைத்தார். அவருக்கும் தலை நரைத்திருந்தது. நான் தினமும் போய்ப் பார்த்தேன். கொத்தனார், பிளம்பர், கரண்ட்காரர் எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை. ஒருவர் முடிக்கும்போது அடுத்தவர் கலவையோடு தயாராக நிற்பார். எதைக் கேட்டாலும் ஒரே ஆள் பதில் சொன்னார். இத்தனை சுலபமா இது என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

கழிப்பறைத் தரையை உடைத்த அன்று சாவிக்காரர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பைப் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும் இடம். பைப்பைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் ஓட்டை. யாரோ அதில் சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைத் திணித்து, மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள்.

"பைப்பும் நல்லா இருக்கும்மா, கான்கிரீட்டும் கெட்டி. சுத்தி அடைக்கறதுதான் விட்டுப்போச்சு. பிளம்பர் அடைப்பான்னு மேஸ்திரி போயிருப்பார், மேஸ்திரி அடைப்பார்னு பிளம்பர் போயிருப்பார். தனித்தனியா வேலை குடுத்தா இந்த இடம் யாரோடதும் இல்ல."

"உங்க ஆளுங்க மட்டும் விட மாட்டாங்களா?"

"விடுவாங்க. ஆனா எவன் விட்டாலும் திட்டு எனக்குத்தானே? அதனால நான் குனிஞ்சு பாத்துடுவேன்."

டைல்ஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் சின்னவனுக்குப் போன் போட்டேன். போட்டது போட்டபடி வாடா என்று மட்டும் சொன்னேன்.

வந்தான். குந்தி உட்கார்ந்து பார்த்தான். அந்த ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டுச் சுற்றிக் கொண்டுவந்தான். பைப்பின் மேலிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தான். அவன் வாய் மூடியிருந்து அன்றுதான் பார்த்தேன்.

"நல்ல பைப்புக்கா," என்றான் கடைசியில்.

பெரியவன் ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் அவனிடம் சொன்னதே இல்லை.

"அண்ணன் அடைப்பான்னு நெனச்சேன். கேக்கவே இல்ல. தினமும் எதிர்லதானே உக்காந்து சாப்பிட்டோம்."

பிறகு சாவிக்காரரிடம் திரும்பினான். "சார், இதை நான் அடைச்சுடட்டுமா?"

அவர் சங்கடப்பட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. வெளியாள் கை வச்சா நான் கேரண்டி தர முடியாது."

"வெளியாளா? யாரைப் பாத்துச் சொல்றீங்க?" என்று நான் எழுந்தேன். சின்னவன் என் முழங்கையைப் பிடித்தான்.

"விடுக்கா. அவர் சொல்றது சரிதான். ஒரே கையா செய்யட்டும்."

சுவரோரம் நகர்ந்து நின்றான். ஒரே நிறச் சட்டை போட்ட இருவர் வந்து எதிரும் புதிருமாகக் குந்தினார்கள். பிளம்பர் பைப்பை அசையாமல் பிடித்துக்கொண்டார், கொத்தனார் கலவையைக் குத்திக் குத்தி அடைத்தார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

நடுவில் பிளம்பர், "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் வைண்ணே," என்றார். கொத்தனார் வைத்தார். அதைப் பார்த்ததும் சின்னவன் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.